யானை விட்ட மூங்கில்

குறுந்தொகையைத் தொகுத்தவருக்குச் சில பாட்டுகள் கிடைத்திருக்கின்றன, பாடியவரின் பெயர் கிடைக்கவில்லை போலும். பாட்டில் எந்தக் காட்சி மனத்தில் தைத்ததோ அதையே பெயராகச் சூட்டிவிட்டார். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார். நற்றிணைக்குப் போனால் தேய்புரிப் பழங்கயிற்றினார். பெற்றோர் வைத்த பெயர் போய், கண்ட உவமை நின்றுவிட்டது. ஓர் உவமைக்கு இதைவிடப் பெரிய விருது உலகில் எந்த மொழியும் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்த உவமைகள் எல்லாம் புழங்கிய இடத்திலிருந்து வந்தவை. மழை பெய்து நிலம் நனைந்திருக்கிறது; ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும்; வீட்டில் இருப்பதோ ஒரே ஏர். ஊர் திரும்பும் காதலனின் அவசரத்துக்கு ஓரேருழவனார் கண்ட அளவுகோல் அந்த உழவனின் பதைப்பு. பொருள் தேடப் போனவனின் மனம் ஒருபுறம் வீட்டுக்கு இழுக்க, அறிவு மறுபுறம் காரியத்துக்கு இழுக்க, நடுவில் கிடந்து நைகிற உடம்பை இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் பழங்கயிறாகக் கண்டார் இன்னொருவர். கயிறு புதியதன்று, புரி தேய்ந்தது. அந்த ஒரு நுணுக்கம்தான் அவருக்குப் பெயராயிற்று.

இவை வெளிப்படையான உவமைகள். சங்கப் பாட்டின் உண்மையான சாமர்த்தியம் இதற்கும் ஒரு படி கீழே இருக்கிறது. அதைப் பார்க்க மீனெறி தூண்டிலாரின் பாட்டு, குறுந்தொகையில் 54ஆவது, போதும். மொத்தமே ஐந்து அடி. தலைவி தோழியிடம் பேசுகிறாள்: தான் இங்கே இருந்தாலும், தன் நலம் அந்தக் காட்டு நாட்டானோடு அங்கேயே போய்விட்டது என்கிறாள். அவள் நேராகச் சொல்வது அவ்வளவுதான். நடுவே அவனுடைய நாட்டைப் பற்றி ஒரு வருணனை வருகிறது. தினைப்புனக் காவலர் கவண் வீசும் ஒலிக்கு அஞ்சி யானை தன் பிடியிலிருந்த பச்சை மூங்கிலை விட்டுவிடுகிறது. வளைந்திருந்த மூங்கில், மீனைப் பற்றி மேலே வீசும் தூண்டில்போல் விர்ரென்று எழுகிறது.

தூண்டில் உவமை எல்லோர் கண்ணிலும் படும். புலவருக்குப் பெயர் தந்ததும் அதுதான். ஆனால் குற்றச்சாட்டு இருப்பது யானையிடம். விரும்பி வளைத்தான், ஊராரின் அரவம் கேட்டதும் விட்டான். காதலனைத் தலைவி ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. அவள் வாயால் சொல்ல முடியாததை மூங்கில் சொல்லிவிடுகிறது.

தொல்காப்பியம் இதை உள்ளுறை உவமம் என்கிறது. தெய்வம் நீங்கலாக மற்றக் கருப்பொருள்களை, அதாவது அந்தந்த நிலத்து விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் முதலியவற்றை, அடிப்படையாகக் கொண்டு இது அமையும் என்பது விதி. இதோடு இறைச்சி என்று இன்னொன்றும் உண்டு. உள்ளுறை எங்கே முடிகிறது, இறைச்சி எங்கே தொடங்குகிறது என்று உரையாசிரியர் காலத்திலிருந்தே வழக்கு நடக்கிறது. கவிதை படிப்பவர் அந்த வழக்கில் சாட்சி சொல்லப் போகாமல் இருப்பது நல்லது.

இந்த மௌனம் எப்படிச் சாத்தியமாயிற்று? படிப்பவருக்கும் பாடுபவருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. மலை என்றால் கூடல், கடற்கரை என்றால் இரங்கல், வயல் என்றால் ஊடல். பாதிக் கதையைத் திணை சொல்லிவிடும். காலம் போகப் போக அந்த ஒப்பந்தம் மங்கியது. குறுந்தொகைக்கு இருபது பாட்டு நீங்கலாகப் பேராசிரியரும், அந்த இருபதுக்கு நச்சினார்க்கினியரும் எழுதிய உரை கிடைக்காமலே போனது. உ.வே.சாமிநாதையர் தம் உரையோடு அந்நூலை வெளியிட்டது 1937இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1934இல், ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ என்ற யாப்பில்லாக் கவிதை ‘மணிக்கொடி’ இதழில் வந்துவிட்டது. பழைய பாட்டுக்குத் திறவுகோல் அச்சான அதே பத்தாண்டில் புதிய பாட்டு வேறொரு கதவைப் போட்டுக்கொண்டிருந்தது.

1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையில் அந்தக் கதவு அகலத் திறந்தது. உவமை, உருவகம் என்று பேசிய இடத்தில் படிமம் என்ற சொல் நடமாட ஆரம்பித்தது. திருகோணமலையில் பிறந்த பிரமிள் படிமக் கவிஞர் என்றே பெயர் வாங்கினார். அவருடைய ‘காவியம்’ ஒரு சில வரிதான். உதிர்ந்த இறகு அதில் எழுதுகோலாகிறது, காற்று ஏடாகிறது. எதற்கு எது உவமை என்று கேட்டால் பதில் வராது. ஒப்பிடப்படும் பொருளை வெளியே தேட வேண்டியதில்லை, காட்சியே பொருள்.

கவனிக்க வேண்டிய ஒன்று: அது என்ன பறவை? பிரமிள் சொல்லவில்லை. கபிலரின் குறுந்தொகைப் பாட்டில், காதலர் கூடிய நாளுக்கு ஒரே சாட்சியாக நின்ற பறவைக்குக் குருகு என்று பெயர் இருக்கிறது, தினைத்தாள் போன்ற கால் இருக்கிறது, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையும் இருக்கிறது. நவீனப் பறவைக்கு ஊரில்லை, இரையில்லை. திணை கைகொடுக்காததால், கவிஞர் தம் ஒப்பந்தத்தை அந்தச் சில வரிக்குள்ளேயே எழுதி முடிக்க வேண்டியிருந்தது. புதுக்கவிதை புரியவில்லை என்று எழுந்த முணுமுணுப்பில் பாதிக்குக் காரணம் இதுதான். சங்கப் பாட்டும் அதே அளவு புரியாததுதான். அதற்கு உரை எழுத ஆள் இருந்தார்கள்.

படிமம் அலுத்துப்போன காலமும் வந்தது. ஞானக்கூத்தன் கேலியையும் ஓசையையும் கொண்டுவந்தார். ஆத்மாநாம் பேச்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வானம்பாடி இயக்கக் கவிஞர்கள் உருவகத்தை மேடைக்கு ஏற்றினார்கள். கைதட்டலில் சில உருவகங்கள் வீங்கிப்போனதும் உண்மை.

திணை மறுபடி தலைகாட்டியது எதிர்பாராத இடத்தில். ஈழத்துப் போருக்குத் தப்பி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களின் எழுத்தைப் பேசும்போது ‘ஆறாம் திணை’ என்ற சொல் எழுந்தது; கவிஞர் சேரனும் அதை எடுத்துப் பேசியவர். ஐந்து நிலத்திலும் இல்லாத பனி அங்கே நிலம். பிரிவு பாலைக்கு உரியது, இரங்கல் நெய்தலுக்கு உரியது. பனியில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. தலைவன் வினை முடித்துத் திரும்புவான் என்பது பழைய பாட்டின் நம்பிக்கை. இங்கே திரும்பிப் போக நினைத்தால் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கருப்பொருள் கணக்கும் இன்னும் எழுதி முடியவில்லை: சுரங்க ரயில், இரவு வேலை, உணவகச் சமையற்கட்டு என்று அது நீள்கிறது. பறவை என்னும் கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டால், யாழ்ப்பாணத்துக் காகம் நினைவிலிருந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.