யாட்சுஷிரோ கடலின் தீவரிசை

ஜப்பானின் கியூஷு தீவை ஒட்டிய யாட்சுஷிரோ கடலில் தோன்றும் ஷிரானுய் என்னும் ஒளி, கடல் செய்யும் அபூர்வமான வித்தை. சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாத முதல் நாளையொட்டி, நிலவில்லாத பின்னிரவில் அது தென்படும். முதலில் தொலைவில் ஒன்றிரண்டு சுடர். பிறகு அவை இடமும் வலமுமாகப் பிரிந்து பெருகி, கார்த்திகை தீபம்போல் தொடுவானம் நெடுக வரிசை கட்டும். நெருங்கிப் போனால் விலகிக்கொண்டே போகும்.

கி.பி. 720இல் முடிக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' என்னும் ஜப்பானிய வரலாற்று நூல் இதைப் பதிவு செய்திருக்கிறது. இருளில் கரை தெரியாமல் திகைத்த கெய்கோ பேரரசரின் படகுக்கு ஒரு தீ வழிகாட்டியது. கரையேறி விசாரித்தால், யார் ஏற்றியது என்று எவருக்கும் தெரியவில்லை. கரையோர மக்கள் அதைக் கடல் நாகதேவதையின் விளக்கு என்று நம்பினார்கள். அந்த இரவில் மீன்பிடிக்கப் போகமாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் விளக்கம் கிடைத்தது. அமாவாசையை ஒட்டிய பெரும் வற்றத்தில் சேற்றுப் பரப்பு வெளிப்படுகிறது. அதன்மேல் வெவ்வேறு வெப்பநிலையுள்ள காற்று கலக்கிறது. அதனூடே வரும் மீன்பிடி விளக்கின் ஒளி வளைந்து, சிதறி, பலவாகத் தெரிகிறது. கானல்நீரின் இரவு வடிவம் இது.

காரணம் தெரிந்ததால் அழகு குறையவில்லை; ஒரு மீனவரின் விளக்கைக் காற்றே பெருக்கிக் காட்டுகிறது என்பது இன்னும் பெரிய அதிசயம். ஆனால் சேற்று நிலங்கள் தூர்க்கப்பட்டு, கரையெங்கும் மின்விளக்குகள் வந்தபின் இக்காட்சி மிக அரிதாகிவிட்டது. கோயிலையும் கோட்டையையும் காப்பதுபோல் இருட்டையும் நாம் காக்க வேண்டும்.