நகல் எடுப்பது சுலபம், சரிபார்ப்பதுதான் வேலை

ஆசிரியர்களே, வேர்ட்பிரஸில் ஆண்டு 5க்கு ஒரு வலைப்பூவை முழுசா அமைத்துவிட்டு, அதையே ஆண்டு 6க்கும் தமிழ்மொழிக் கழகத்துக்கும் அப்படியே நகலெடுக்கிறோம். நேரம் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த முறையில் வேண்டியதோடு வேண்டாததும் சேர்ந்தே வருகிறது.

முதலில் முகவரி. அது தரவுத்தளத்தில் 'சைட்யுஆர்எல்', 'ஹோம்' என்ற 2 இடங்களில் இருக்கிறது. மாற்றாவிட்டால், புதிய தளத்தைத் திறக்கிற மாணவர் பழைய தளத்துக்கே போய்விடுவார். 'தேடி மாற்று' கொடுத்தால் போதுமே என்பீர்கள். போதாது. சில அமைப்புகள் நீளக் கணக்கோடு சேமிக்கப்படுகின்றன. 20 என்று குறித்த இடத்தில் 26 எழுத்து முகவரி வந்தால் கணக்கு உதைக்கும்; அந்த அமைப்பே செயலிழக்கும். கணினி படிக்கும் தேர்வு மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்: தரவை மாற்றினால் போதாது, அதைப் பற்றிய குறிப்பும் மாறவேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் கூடவே நகலாவது. ஒன்று கசிந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடும். ஆண்டு 5 மாணவர்களின் பெயரும் படைப்பும் வேறு தளத்தில் தங்கிவிடுவதும் நியாயமில்லை.

2010இல் வந்த வேர்ட்பிரஸ் 3.0 முதல், ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தலாம். ஒரே பள்ளிக்கு அது நகலைவிட மேல். அதிலும் குறை உண்டு: நிறுவல் படுத்தால் எல்லாத் தளமும் படுக்கும்.

நகல்தான் வேண்டுமென்றால் தோற்றத்தையும் செருகுநிரலையும் மட்டும் கொண்டுபோங்கள். ஆட்களையும் சாவிகளையும் அந்தந்தத் தளத்திலேயே புதிதாக உருவாக்குங்கள்.