சென்று தேய்ந்திறும் வழிகாட்டிகள்: தமிழில் கணினி, வலைச்சேவையக நிறுவல் எழுத்துகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது. விண்டோசுடன், சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் அக்கணினிகளில் இடம்பெற்றது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு வழங்கப்பெற்ற அக்கருவியே பல இல்லங்களுக்கு முதற் கணினி. காக்களூர்த் தொழிற்பேட்டையையும் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தையும் சுற்றி வாழும் தொழிலாளர் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். இயங்குதளத்தை மீள நிறுவவோ, வலைத்தளம் ஒன்றை அமைத்துப் பழகவோ விழையும் மாணவர்க்கு அங்கே ஆசிரியராக அமைவது பெரும்பாலும் படிப்படியான வழிகாட்டி எழுத்தே ஆகும்.

2012 முதல் வெளிவரும் கணியம் இதழ், கட்டற்ற மென்பொருள் குறித்த தொடர்களைத் தமிழில் வெளியிட்டும், அவற்றுட் பலவற்றைக் கட்டணமில்லா மின்னூல்களாக்கியும் இத்துறைக்குத் தொண்டாற்றியுள்ளது. ஆயினும் நிறுவல் வழிகாட்டியை ஒரு நூல்வகையாகக் கொண்டு குணங்குற்றம் ஆராயும் முயற்சி போதிய அளவு நிகழவில்லை. நன்னூற் பொதுப்பாயிரம் பத்து நூற்குற்றங்களை வகுத்துரைக்கிறது. அவற்றுள் மயங்க வைத்தல், குன்றக் கூறல், சென்று தேய்ந்திறுதல் என்னும் மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, இவ்வகை எழுத்தில் பொதுவாகக் காணப்படும் குறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நிறுவல் செவ்வனே நடக்கும்போதன்று, தடைப்படும்போதே வழிகாட்டியின் தகுதி வெளிப்படும் என்பது இதன் கருதுகோள்.

மயங்க வைத்தல்

ஒரே பொருளைச் சேவையகம், வழங்கி, சர்வர் என்று பெயர் மாற்றி மாற்றிக் குறிப்பது ஒரு கட்டுரைக்குள்ளேயே நிகழ்வதுண்டு. அடைவு, கோப்புறை, கோப்பகம் என்பனவும் அவ்வாறே. செய்யுளில் ஒருபொருட் பன்மொழி அழகு தரலாம். நிறுவல் வழிகாட்டியிலோ, சொல் மாறியதும் பொருளும் மாறிற்றோ எனப் புதியவர் திகைப்பார்.

இதனினும் பெரிய மயக்கம் திரைக்கும் தாளுக்கும் இடையே எழுவது. ‘அடுத்து என்பதை அழுத்துக’ என்று வழிகாட்டி கூறும். திரையிலோ ஆங்கில எழுத்தில் ‘நெக்ஸ்ட்’ என்றிருக்கும். பாஸ் லினக்சில் தமிழ் இடைமுகமும் உண்டு. ஆதலின் ஒரே கட்டத்தில் இருவர் இருவேறு சொற்களைக் காணக்கூடும். எந்த இடைமுகத்தை முன்வைத்து எழுதப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே கூறி, திரையில் உள்ள சொல்லை உள்ளவாறே தந்து, அதன் தமிழ்ப் பொருளை உடன் வைப்பதே முறை. இது கலைச்சொல்லாக்கத்தைக் கைவிடுவதன்று. கலைச்சொல்லைக் கற்பவர் கண்முன் நிறுத்துவதாகும்.

குன்றக் கூறல்

செய்ய வேண்டியதைக் கூறி, செய்தபின் காண வேண்டியதைக் கூறாது விடுதல் இவ்வெழுத்தின் முதன்மைக் குறை. ‘அப்பாச்சியைத் தொடங்குக’ என்பது ஒரு படி. அது தொடங்காவிடில்? 2011ஐ ஒட்டிய ஆண்டுகளில், விண்டோசில் எக்ஸாம்ப் தொகுப்பை நிறுவியோர் பலர் இத்தடையை எதிர்கொண்டனர். வலைச்சேவையகம் வழக்கமாகப் பயன்படுத்தும் 80ஆம் எண் போர்ட்டை, முன்னரே இயங்கிக்கொண்டிருந்த ஸ்கைப் பிடித்திருந்தது ஒரு காரணம். ஸ்கைப்பை மூடுவதோ, அதன் அமைப்பில் அவ்வெண்ணை விடுவிப்பதோ அன்று போதுமாயிருந்தது. தீர்வு இரண்டு வரியில் அடங்கிவிடும். அவ்விரு வரிகள் இல்லாதபோது மாணவர் தம் அறியாமையே காரணம் என்று கருதி முயற்சியைக் கைவிடுவார். வெற்றிக்குரிய வழி தமிழில் உள்ளது. பிழைச்செய்தி ஆங்கிலத்தில் தோன்றுகிறது. மொழித்துணை மிகுதியும் வேண்டிய இடத்தில்தான் அது இல்லாமற் போகிறது.

மீளக்கூடிய படியையும் மீளாப் படியையும் ஒரே குரலில் கூறுதல் இக்குற்றத்தின் மற்றொரு கூறு. மொழியைத் தேர்ந்தெடுப்பதும் வன்வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதும் அடுத்தடுத்த எண்களில் ஒரே நடையில் அமைகின்றன. முன்னதைப் பின்னர் மாற்றலாம், பின்னதை மாற்றவியலாது. இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் பகிர்வுப் பிரிவைத் தவறாகத் தேர்ந்தால் மாணவரின் பாடக்குறிப்புகளும் குடும்பத்தின் ஒளிப்படங்களும் அழியும். எச்சரிக்கை அப்படிக்குப் பின்னர் வருமாயின் பயனில்லை.

சென்று தேய்ந்திறுதல்

பதிவிறக்கத்தை விரிவாகவும், நிறுவலைப் போதிய அளவிலும் விளக்கும் வழிகாட்டி, வலைச்சேவையகப் பகுதியில் சுருங்கிவிடுகிறது. உலாவியில் 127.0.0.1 என்று இட்டதும் பக்கம் தோன்றினால் ‘உங்கள் வலைத்தளம் தயார்’ என முடிகிறது. அம்முகவரி அக்கணினி தன்னைத்தானே சுட்டும் முகவரி; அடுத்த அறையிலுள்ள கைப்பேசிக்கும் அது அக்கணினியைக் காட்டாது. 192.168 எனத் தொடங்கும் முகவரி இல்லத்து வலையமைப்புக்குள் மட்டும் செல்லும். இவ்வேறுபாடே வலைச்சேவையகம் பற்றிய அடிப்படை அறிவு.

வெளியுலகுக்குத் திறக்கும் முறையைக் கூறும் வழிகாட்டிகளும், திசைவியில் போர்ட்டைத் திருப்பிவிடுக என்றதோடு நின்றுவிடுகின்றன. கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்து கணினியை இயக்கும் இல்லத்தில் அத்தகைய திசைவியே இராது. இருந்தாலும், இணையச் சேவையாளர் ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்க்குப் பகிர்ந்தளித்திருப்பின் வெளியிலிருந்து வரும் அழைப்பு வீட்டை எட்டாது. திசைவி தன் வெளிமுகவரியாகக் காட்டுவதும் வெளித்தளங்கள் காண்பதும் வேறுபட்டால், அல்லது அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், நிலைமை இதுவென அறியலாம். தனிப் பொது முகவரி கேட்பதோ, வாடகைச் சேவையகம் பெறுவதோ வழியாகும்.

பாதுகாப்பும் இவ்விறுதிப் பகுதியிலேயே தேய்கிறது. எக்ஸாம்ப் தரவுத்தளத்தின் தலைமைப் பயனருக்கு இயல்பில் கடவுச்சொல் இல்லை. அது பயிற்சிக்கென அமைந்தது. அனுமதிச் சிக்கலுக்கு 777 என்னும் எண்ணைத் தீர்வாகக் கூறுவதும் வழக்கமாகிவிட்டது. அது எல்லார்க்கும் எழுதும் உரிமை தருவதாகும். பயிற்சிக் கணினியில் பொறுக்கத்தக்க இவை, உலகுக்குத் திறந்த கணினியில் அயலார் புகும் வழியாகும்.

முடிவுரை

தரக்கட்டுப்பாடு பேணும் தொழிற்கூடங்களில் இயந்திரத்தருகே ஒட்டப்படும் செயல்முறைத் தாளில் செயலோடு சரிபார்க்க வேண்டிய அளவும், அளவு மாறினால் யாரிடம் கூறுவது என்பதும் இருக்கும். கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்க்கு இம்முறை புதிதன்று. அவர்தம் பிள்ளைகள் இல்லத்தில் படிக்கும் கணினி வழிகாட்டியும் ஒவ்வொரு படியிலும் செய்வது, காண்பது, காணாவிடில் செய்வது என்னும் மூன்றையும் கொண்டிருத்தல் வேண்டும். மீளாப் படிக்கு முன் தரவுக் காப்பு இடம்பெற வேண்டும். கடவுச்சொல் இடும் படி, வெளியுலகுக்குத் திறக்கும் படிக்கு முன்னரே வர வேண்டும். இவற்றால் நூல் சில பக்கங்கள் நீளும். அந்நீட்சி மிகைபடக் கூறல் ஆகாது. பழுது நேர்ந்தால் மாற்றுக் கணினி இல்லாத இல்லத்தில் அப்பக்கங்களே வழிகாட்டியின் பயன்.