ஆங்கிலத்தில் படித்து, ஊர்த் தமிழில் கேட்க

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தை ஒரு பாடமாகத் தொடங்கிவிடுகிறார்கள். உயர்தரத்திலும் பொது ஆங்கிலம் உண்டு. ஆனால் அதில் எடுக்கும் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் சேர்வதில்லை. அதனால் பாடசாலையும் டியூட்டரியும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்த பிள்ளைக்குக் கருதுகோள், அவதானம், பரிசோதனை எல்லாம் தமிழில் தண்ணீர்பட்ட பாடு. அதே பிள்ளை உளவியலைச் சிறப்புப் பட்டமாகப் படிக்க ஆசைப்பட்டுப் பேராதனைக்கோ கொழும்புக்கோ போனால், தெரிந்த விஷயத்தையே தெரியாத மொழியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் உளவியல் மாணவருக்கான சிறப்பு ஆங்கிலம் என்ற பயிற்சி இருக்கிறது.

அது தேவையான பயிற்சி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்று அது நடக்கும் விதத்தில், எங்கள் பிள்ளைகளைப் பாதி வழியில் இறக்கி விட்டுவிடுகிறது என்பது என் வாதம்.

முதலில் அதன் பலத்தைப் பேச வேண்டும். துறைசார் ஆங்கிலம் பற்றி ஹட்சின்சனும் வாட்டர்ஸும் 1987இல் எழுதிய நூல் இன்றும் ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. இந்த மாணவருக்கு ஆங்கிலம் எதற்காகத் தேவை என்று முதலில் கேள், அதற்கேற்பக் கற்பி என்பதே அதன் அடிப்படை. 2000ஆம் ஆண்டில் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. எந்தத் துறையின் பாடநூலை எடுத்தாலும் அதில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலுக்குள் அடங்கும். ஷேக்ஸ்பியரும் விருந்தினரை வரவேற்கும் உரையாடல்களும் இல்லாமல், தனக்கு நாளைக்கே வேண்டிய ஆங்கிலத்தை நேராகப் படிக்கலாம் என்பது வசதி குறைந்த மாணவருக்குப் பெரிய உதவி. கொழும்பில் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவருக்கும் இவருக்கும் உள்ள தூரத்தை இது வேகமாகக் குறைக்கிறது.

சொற்களைவிட முக்கியமான ஒன்றையும் நல்ல வகுப்பு தருகிறது. உளவியல் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் எதையும் அடித்துச் சொல்ல மாட்டார். இன்ன காரணம் இருக்கக்கூடும், இந்த முடிவு இப்படி எண்ண இடம் தருகிறது, இந்த மாதிரியைப் பொறுத்தவரை என்று அளந்து அளந்துதான் எழுதுவார். அதே கட்டுரையின் தமிழ்க் குறிப்பு எங்கள் மாணவர் கைக்கு வரும்போது, 'ஆய்வுகள் நிரூபித்துள்ளன' என்ற ஒரே வசனமாகச் சுருங்கிப்போகிறது. அந்த அளந்து பேசும் வினைச்சொற்களைப் பிரித்துப் படிக்கப் பழகியவருக்கு ஆங்கிலத்தோடு சேர்ந்து விஞ்ஞானத்தின் நேர்மையும் பிடிபடுகிறது. 'சிக்னிபிகண்ட்' என்று போட்டிருந்தால் அது முக்கியமான முடிவு என்று பொருளல்ல; வெறும் தற்செயலால் இத்தகைய முடிவு வருவதற்கான நிகழ்தகவு குறைவு என்பதே பொருள். 'நெகடிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' தண்டனையும் அல்ல. பனடோல் போட்டதும் தலையிடி போகிறது, அதனால் அடுத்த முறையும் கை பனடோலைத் தேடுகிறது, அதுதான் அது. இவற்றைப் பொது ஆங்கில வகுப்பில் எந்த ஆசிரியரும் சொல்லித் தரப்போவதில்லை.

எங்கள் ஊர்களுக்கென்றே இன்னொரு பயனும் இருக்கிறது. சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி 1979இல், மேற்கத்திய உளவியலை அப்படியே விழுங்கும் முஸ்லிம் உளவியலாளர்களைக் கண்டித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ உடலின் நோயையும் உள்ளத்தின் நோயையும் தனித்தனியே ஆராய்ந்து அரபியில் எழுதிய நூலில், உள்ளம் பற்றிய பகுதியைப் பிற்காலத்தில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அல்பல்கீ வஸ்வாஸ் என்னும் விடாத வீண் எண்ணங்களைப் பற்றி எழுதியவை இன்று மருத்துவர்கள் எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்வதோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரை ஒப்பிட்டுக் காட்டியது. அதுவும் ஆங்கிலத்தில்தான் வந்தது. வுழூச் செய்தும் செய்தும் மனம் ஆறாமல் மணிக்கணக்காகத் தண்ணீர்ப் பைப்படியில் நிற்கும் ஒருவரைச் சாய்ந்தமருதில் பார்க்கும் மாணவி, தன் சொந்த மார்க்க மரபில் அதற்கு ஆயிரம் வருடத்துக்கு முந்திய மருத்துவக் குறிப்பு இருப்பதை அறிய வேண்டுமானால் ஆங்கிலத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. வருத்தமான நிலைதான், ஆனால் உண்மை நிலை. இதற்காகவேனும் ஆங்கிலத்தைக் கைவிடச் சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

இனிக் குறைகள். சிறியதை முதலில் சொல்லி முடிக்கிறேன். பல வகுப்புகளில் சிறப்பு ஆங்கிலம் என்பது ஒரு போட்டோகொப்பித் தாளாகச் சுருங்கிவிட்டது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், அடுத்த கிழமை பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டும். வலப்பக்கத்துத் தமிழ் இணையத்தில் கிடைத்த தமிழ்நாட்டுத் தமிழாக இருந்தால் குழப்பம் கூடுகிறது. ஸ்ட்ரெஸ் என்பதற்கு நாங்கள் நெருக்கீடு என்கிறோம், டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு, கவுன்சிலிங்குக்கு உளவளத்துணை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லை முதலிரண்டுக்கும் மாறி மாறிப் போடுகின்றன. இரண்டு வேறு நிலைகளை ஒரே பெயரில் பாடமாக்கும் மாணவர் பரீட்சையில் தப்பினாலும் வார்டில் தப்ப மாட்டார்.

வெட்கமும் ஒரு குறைதான், அது மாணவரின் குறை அல்ல என்றாலும். தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்குப் பழைய பட்டப்பெயர் 'கடுவ', அதாவது வாள். வாயைத் திறந்து பிழையாக ஒரு வசனம் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினாலும் பகிடிவதை. அந்தச் சூழலுக்குள் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு வாசிப்பும் எழுத்தும் மட்டும் கற்பித்துவிட்டு, ஒரு கருத்தரங்கில் எழுந்து கேள்வி கேட்கப் பயிற்றாமல் விடுவது சரியல்ல.

பெரிய குறை வேறு. இந்தப் பயிற்சி முழுவதும் ஒரே திசையில் ஓடுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கூட்டிப் போகிறது, திரும்பி வரும் வழியைச் சொல்லித் தருவதில்லை. ஆனால் உளவியல் படிக்கும் பிள்ளையின் தொழில் அந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கிறது. பொறியியலாளருக்கு இந்தச் சிக்கல் குறைவு, கொங்கிரீட்டிடம் அவர் எதையும் கேட்டறிய வேண்டியதில்லை.

மனச்சோர்வை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் பிஎச்கியூ-9 என்ற வினாக்கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, கூட்டினால் அதிகபட்சம் 27. கடந்த இரண்டு கிழமைகளில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று அது கேட்கிறது. ஒரு நாளும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும் என்று நான்கு விடைகள். ஆங்கில வகுப்பில் இது எளிய பாடம். கல்முனையில் ஓர் உம்மாவிடம், 'பாதி நாட்களுக்கு மேலா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் நாளை எண்ணுவதில்லை, 'மகள் வெளிநாட்டுக்குப் போன நாளில இருந்து இப்பிடித்தான்' என்பார். அதை 2 என்று போடுவதா, 3 என்று போடுவதா? எட்டாவது கேள்வி இன்னும் சிக்கலானது. அசைவும் பேச்சும் மற்றவர் கவனிக்குமளவு மெதுவானதா, அல்லது அதற்கு நேரெதிராக ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலைந்தீர்களா என்று இரண்டையும் ஒரே கேள்வியில் கோர்க்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி வாசித்தால் கேட்பவருக்குத் தலையும் விளங்காது, வாலும் விளங்காது.

மறுபக்கம், நோயாளி சொல்வதை எந்தக் கட்டத்தில் அடைப்பது? 'நெஞ்சுக்குள்ள கல்ல வெச்ச மாதிரிக் கிடக்கு', 'உடம்பெல்லாம் உளையுது', 'நித்திரையே இல்ல மகன்', 'கண்ணூறு பட்டிருக்கும், தண்ணி ஓதிக் குடிச்சும் சரிவரல்ல' என்றுதான் எங்கள் ஊரில் மனச்சோர்வு கிளினிக் வாசலுக்கு வருகிறது. 'டென்ஷன்' என்றும் வரும். அந்த டென்ஷனை ஆங்கிலச் சொல்லென்று நம்பினால் ஏமாந்து போவோம். எங்கள் வாயில் அது பிரஷர் கூடியதாகவும் இருக்கலாம், கோபமாகவும், கடன் தொல்லையாகவும், கலியாண வயதில் வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றிய கவலையாகவும் இருக்கலாம். பாடநூலின் ஆங்கிலத்தில் நூற்றுக்கு எண்பது எடுத்த மாணவர் இந்தத் தமிழின் முன்னால் பேசாமல் நின்றால், அவர் படித்த ஆங்கிலத்தால் அந்த உம்மாவுக்கு என்ன பயன்?

மக்களின் பேச்சுக்குக் காது கொடுக்காததற்கு நாங்கள் கொடுத்த விலையை இந்தக் கரையோரம் மறந்திருக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அதன்பின் வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் கூட்டங்கூட்டமாக இலங்கைக்கு வந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்களே பலர். ஆனால் இழப்பின் துயரத்தை முழுவதும் 'ட்ரோமா' என்ற ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிட வேண்டாம் என்று கொழும்புப் பல்கலைக்கழகக் கல்வியாளர்கள் அப்போதே வேண்டுகோள் விடுத்தார்கள். ஈதன் வாட்டர்ஸ் 2010இல் எழுதிய நூலின் ஓர் அத்தியாயம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ வேறு வழியில் போனார். இங்குள்ள மக்கள் தங்கள் துன்பத்தைத் தாங்களே சொன்ன கதைகளிலிருந்து கேள்விகளை எடுத்து ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். உடல் நோவும், குடும்பத்தில் தன் இடம் குலைந்துபோனதும் அந்தக் கதைகளில் முன்னுக்கு நின்றன. ஆங்கிலத்தில் தேர்ந்த ஒருவர் இந்த மக்களின் பேச்சுக்குக் காது கொடுத்ததால் கிடைத்த கருவி அது. சிறப்பு ஆங்கில வகுப்பு உருவாக்க வேண்டியது இப்படிப்பட்டவரைத்தான்.

அப்படியானால் உளவியலை முழுக்கத் தமிழிலேயே படிப்பித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழில் அச்சிட்டார். முடியாது என்பவருக்கு அதுவே பதில். ஆனால் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது, திருத்திய பதிப்பு 2022இல் வந்தது. ஒன்றை மொழிபெயர்த்து முடிக்குமுன் மற்றது வந்துவிடுகிறது. தமிழ் நூல்கள் வேண்டும், வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் அவற்றை எழுத ஆங்கிலத்தில் வாசிப்பவர் தேவை. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் மனக்காயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் 1998இல் ஒரு முக்கியமான நூல் எழுதியவர், தமிழில் 'மனவடு' எழுதியவரும் அவரே. ஒரே கை இரண்டு மொழியிலும் எழுதியதால்தான் அந்தத் தமிழ் நம்பகமாக இருக்கிறது.

திருத்தம் கடினமானதல்ல. மொழிபெயர்த்த வினாக்கொத்தை, மூலத்தைப் பார்க்காத வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி இரண்டையும் ஒப்பிடும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இலேயே விளக்கினார். இதை வகுப்பிலேயே செய்யலாம். நிந்தவூர் மாணவி தமிழாக்க, காரைதீவு மாணவர் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஆங்கில விரிவுரையாளரும் உளவியல் விரிவுரையாளரும் பக்கத்தில் இருந்து பேச வேண்டும். பர்மிங்ஹாமில் டட்லி-எவன்ஸும் சகாக்களும் துறை ஆசிரியரையும் மொழி ஆசிரியரையும் ஒரே வகுப்பில் நிறுத்திய முறைதான் இது. இங்கே பெரும்பாலும் ஆங்கில ஆசிரியர் உளவியலை அறியார், உளவியல் ஆசிரியர் மொழியைத் தன் பொறுப்பாக எடுப்பதில்லை.

இதைத் தொடங்க, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே பல்கலைக்கழகமான அங்கே கலை பீடமும் இருக்கிறது, இஸ்லாமிய கற்கைகள் அரபு மொழி பீடமும் இருக்கிறது. அல்பல்கீயை அரபியில் வாசிக்கக்கூடியவரும், ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடியவரும், உம்மாமாரின் தமிழைப் பிறப்பிலிருந்தே பேசுபவரும் ஒரே வளாகத்தில் நடமாடுகிறார்கள். அவர்களை ஒரு மேசையில் இருத்துவதற்குக் கட்டடம் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை.

பாடத்திட்டம் எழுதும் விரிவுரையாளர்களிடம் நான் கேட்பது ஒரு மாற்றம்தான். உளவியல் மாணவரின் ஆங்கிலப் பரீட்சையில் பாதிப் புள்ளியை ஆங்கிலத்தில் வாசித்து எழுதுவதற்குக் கொடுங்கள். மற்றப் பாதியை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கல்முனை உம்மாவிடம், வாசித்ததை அவருடைய தமிழில் கேட்டு, அவர் சொன்ன பதிலைப் பிசகாமல் ஆங்கிலத்தில் பதிவதற்குக் கொடுங்கள்.