இருட்டுக் கதைகளும் இயற்பியல் மாணவரும்

மின்னோட்டமும் காந்தப் புலமும் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் பேய்க் கதைகளைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் வியக்கலாம். காரணம் உண்டு. அது எனக்குச் சற்று வெட்கம் தரக்கூடிய காரணம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு வகுப்பில் கிர்க்காஃப் விதிகளை நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். அருகே சென்று பார்த்தேன். மடியில் ஒரு கதைப் புத்தகம். பெயர் 'பிரேத மனிதன்'. புத்தகத்தைப் பறித்துக்கொண்டதோடு நான் நிற்கவில்லை. விஞ்ஞானம் படிக்க வந்தவர்கள் பிணத்தையும் பேயையும் படிக்கலாமா என்று பத்து நிமிடம் வகுப்பு முழுவதற்கும் உபதேசம் செய்தேன். கிர்க்காஃப் அன்று பாதியில் நின்றார்.

அன்றிரவு மன்னார்புரத்தில் என் வீட்டில், சாப்பாட்டுக்குப் பின், இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று புத்தகத்தைப் பிரித்தேன். முடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போகும் ஓசை. கொல்லைக் கதவைத் தாழிட மறந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து போகக் கால் வரவில்லை. எம்.எஸ்ஸி. பட்டம் அந்த நேரத்தில் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை!

'பிரேத மனிதன்' என்பது மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலுக்குப் புதுமைப்பித்தன் தந்த தமிழ் வடிவம். மூல நூல் 1818ஆம் ஆண்டு, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18தான். என் முதலாண்டு மாணவர்களின் வயது. இதனை இளைஞர்களுக்காக எழுதப்பட்ட கதை என்பதைவிட ஓர் இளைஞியே எழுதிய கதை என்பது பொருந்தும்.

அது பிறந்த வரலாற்றில் நம் பாடத்துக்குரிய செய்திகள் நிறைய இருக்கின்றன. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. சாம்பல் சில நாட்களில் படிந்துவிடும். ஆனால் மிக உயரத்துக்குச் சென்ற கந்தக டை ஆக்சைடு வாயு அங்கே நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறி உலகெங்கும் பரவி, சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டது. பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி குறைந்தது. அரை டிகிரிதானே என்று எண்ண வேண்டாம். மறு ஆண்டான 1816 ஐரோப்பாவில் 'கோடையில்லா ஆண்டு' என்றே பெயர் பெற்றது. பயிர்கள் அழிந்தன, பசி பரவியது. ஜெனீவா ஏரிக்கரையில் கோடையைக் கழிக்க வந்த கவிஞர் பைரன், கவிஞர் ஷெல்லி, மேரி, மருத்துவர் பாலிடோரி முதலியோர் ஓயாத மழையால் வீட்டுக்குள் அடைபட்டனர். பொழுது போகாமல் ஜெர்மானியப் பேய்க் கதைகளைப் படித்தனர். ஆளுக்கு ஒரு கதை எழுதுவோம் என்று பைரன் சொன்னார். அந்தப் பந்தயத்திலிருந்து மேரியின் நாவல் வந்தது. பாலிடோரியின் இரத்தம் குடிக்கும் பிரபுவும் (1819) அங்கிருந்துதான் வந்தான். டிராகுலாவுக்கு அவன் முன்னோன்.

தூக்கம் வராத ஓர் இரவில், ஜன்னல் கதவுகளின் வழியே நிலவொளி புக முயன்ற வேளையில், கதை தன் மனக்கண்ணில் தோன்றியதாக மேரி பின்னாளில், 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். இது பின்னால் கட்டிய கற்பனை என்று சில ஆராய்ச்சியாளர்கள் ஐயப்பட்டனர். டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர் டொனால்ட் ஓல்சனும் அவர் குழுவினரும் அந்த வீட்டுக்கே போய், மலைச்சரிவின் உயரத்தை அளந்து, அன்றைய நிலவின் இருப்பிடத்தைக் கணக்கிட்டார்கள். 1816 ஜூன் 16 அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன்பு நிலவு குன்றைத் தாண்டி அந்த ஜன்னலில் ஒளி வீசியிருக்கும் என்று 2011இல் வெளியிட்டனர். இலக்கியச் சண்டை ஒன்றில் கோண அளவுகள் சாட்சி சொன்னது எனக்குப் பெரு மகிழ்ச்சி.

நிற்க. மின்சாரத்துக்கு வருவோம். இறந்த தவளையின் கால் மின்பொறி பட்டுத் துடிப்பதை இத்தாலியில் கால்வானி கண்டு, 1791இல் வெளியிட்டார். அது விலங்கிலேயே உறையும் மின்சாரம் என்றார் அவர். இரண்டு வகை உலோகங்கள் ஈரத்தைத் தொடுவதால் வந்ததே என்று வாதாடிய வோல்டா, அதை நிறுவப் போய் 1800இல் மின்கல அடுக்கை உலகுக்குத் தந்தார். இருவரிடமும் பாதி உண்மை இருந்தது. நரம்பில் ஓடும் செய்தி மின் இயல்புடையதே. நரம்பணுவின் உள்ளுக்கும் வெளிக்கும் ஓய்வில் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் வேறுபாடு இருப்பதை இன்று அறிவோம். கால்வானியின் உறவினர் அல்டினி, 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்னோட்டம் செலுத்திக் காட்டினார். தாடை அசைந்தது, ஒரு கண் திறந்தது. பார்த்தவர்கள் நடுங்கினர்.

இவ்வளவு கேட்டபின், நாவலில் இடியும் மின்னலுமாக, பெரிய பெரிய கருவிகளுடன் பிணம் எழும் காட்சி இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? இல்லை. அது 1931இல் வந்த ஹாலிவுட் திரைப்படத்தின் கைவரிசை. நாவலில் நவம்பர் மாத இரவு, மழை, அணையப் போகும் மெழுகுவர்த்தி, திறந்த ஒரு மங்கிய கண், அவ்வளவே. எந்த முறையால் உயிர் வந்தது என்பதைச் சொல்ல மேரி மறுத்துவிடுகிறார். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்னும் அந்த மாணவன் (ஆம், மாணவன்தான், பேராசிரியன் அல்லன்) தான் ஆக்கியதைக் கண்டு அருவருத்து ஓடிவிடுகிறான். அச்சம் அங்கே தொடங்குகிறது.

இங்கேதான் நல்ல இருட்டுக் கதைக்கும் மட்டமான இருட்டுக் கதைக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்கிறேன். நல்ல கதை இயற்கைக்கு மாறான ஒன்றே ஒன்றை நம்மிடம் கடனாகக் கேட்கிறது. அதைக் கொடுத்துவிட்டால், மற்ற யாவும் காரண காரியப்படி, இரக்கமில்லாமல் நடக்கும். பிணம் எழுந்தது என்பதை ஒப்புக்கொண்டீர்களா? அதற்குப் பசிக்கும், குளிரும், மனிதர்கள் கல்லெறிவார்கள். ஒளிந்திருந்து மொழி கற்கும். கண்டெடுத்த புத்தகங்களைப் படித்து அறிவு பெறும். தனக்கு யாருமில்லை என்று உணரும். பிறகு கொலை செய்யும். ஒவ்வொரு படியும் முந்திய படியிலிருந்து வருகிறது. தேற்றம் ஒன்றின் நிரூபணத்தைப் படிப்பது போன்ற கட்டுக்கோப்பு இது.

மட்டமான கதையோ பக்கத்துக்கு ஒரு கடன் கேட்கும். அதுகூடப் பரவாயில்லை. இப்போது வரும் மர்ம நாவல்கள் சிலவற்றில் மாந்திரீகர் வாயிலிருந்து 'நெகடிவ் எனர்ஜி', 'வைப்ரேஷன்', 'குவாண்டம்' என்ற சொற்கள் உதிர்கின்றன. ஆற்றலுக்கு அலகு உண்டு. அதிர்வுக்கு அதிர்வெண் உண்டு. அலகும் அளவும் இல்லாத இடத்தில் அவை வெறும் மந்திரச் சொற்களே. என் மாணவர்களைப் பேய் கெடுத்துவிடும் என்ற அச்சம் எனக்கு இல்லை. விஞ்ஞான வேடம் போட்ட பேய் கெடுக்கும். அதை நம்பி விடைத்தாளில் எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். பேயைப் பேயாகவே எழுதும் ஆசிரியர் நேர்மையானவர்.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயர் அழுத்த மின்சாரம் தாக்கினால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். ஒளி முழுவதும் உடலை ஊடுருவிச் சென்றால் விழித்திரையில் பிம்பம் விழாது. ஆகவே மாயாவி குருடனாகத்தான் இருக்க முடியும். இதைச் சொல்லி அந்தக் கதையைத் தள்ளிவிட மாட்டேன். அது கேட்ட கடன் ஒன்றுதான். தவணை தவறாமல் கட்டியது.

நம் வீடுகளிலும் இருட்டு புதிதன்று. மலைக்கோட்டைக்குக் கூட்டிச் செல்லும் பாட்டிமார், தாயுமானவர் ஏன் மேற்கு நோக்கி இருக்கிறார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. சாரமா முனிவரின் நந்தவனத்துச் செவ்வந்திப் பூக்கள் திருடப்பட்டு அரசனிடம் சென்றன. அரசன் நீதி செய்யவில்லை. இறைவன் உறையூர்ப் பக்கம் திரும்ப, மண்மாரி பொழிந்து நகரமே புதைந்தது! பூத் திருட்டுக்கு ஊரே அழிவதா என்று எந்தக் குழந்தையும் கேட்கும். 1947இல் தொடங்கிப் பல தலைமுறைகளை வளர்த்துப் பின்னர் நின்றுபோன 'அம்புலிமாமா'வில் மாதந்தோறும் விக்கிரமாதித்தன் தோளில் பிணம் ஒன்று ஏறி, நியாயம் எது என்று கேள்வி கேட்டது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இதைவிட நல்ல வாய்மொழித் தேர்வு எந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு?

புதுமைப்பித்தன் மொழிபெயர்த்ததோடு நிற்கவில்லை. 1943இல் 'காஞ்சனை' எழுதினார். வேலைக்காரியாக வீட்டுக்குள் வந்த பெண் மனுஷியா, வேறு ஏதாவதா என்பதைக் கடைசிவரை அவர் தீர்க்கவில்லை. படித்துவிட்டு என் இயற்பியல் மூளை விளக்கம் தேடியது உண்மை. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் தம் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்ததற்குக் காரணம் தேடி, விசிறி ஒன்று எழுப்பிய, காதுக்குக் கேளாத 19 ஹெர்ட்ஸ் ஒலியே அது என்று 1998இல் எழுதினார். ஒலியின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். அலைநீளம் சுமார் 18 மீட்டர் வரும். அழகான ஆராய்ச்சி. ஆனால் காஞ்சனைக்கு அது உதவாது. அந்தக் கதை அஞ்சுவது பேயை மட்டுமன்று. தன் கண்ணையும் மூக்கையும் தன்னால் நம்ப முடியவில்லையே என்ற நிலையை. கருவி சரியாக அளக்கிறதா என்று நடுராத்திரியில் ஐயப்படும் ஆராய்ச்சியாளனுக்கு அந்த அச்சம் பழக்கமானது.

இத்தகைய நூல்கள் எல்லோருக்கும் எப்போதும் ஏற்றவை என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு உறக்கம் கெடும். தேர்வு நேரத்தில் பெற்றோர் பதறுவதும் நியாயம். மேலும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' குறையற்றதும் அன்று. பாத்திரங்கள் யாவரும் ஒரே குரலில் நீண்ட சொற்பொழிவு ஆற்றுகின்றனர். வருணனைகளில் நான் சில பக்கங்களைத் தாண்டியதுண்டு.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. உயிரை மின்சாரத்தால் எழுப்ப முடியுமா என்று அவள் கேட்பாள், தயாராகச் சொல்வோம் என்று விடையை மனத்தில் வைத்திருந்தேன். 1947இல் அமெரிக்க மருத்துவர் கிளாட் பெக், 14 வயதுச் சிறுவனின் தாறுமாறாகத் துடித்த இதயத்தை மின் அதிர்ச்சியால் மீட்ட செய்தி அது. அவள் அதைக் கேட்கவில்லை.

"சார், அதுக்கு ஏன் சார் கடைசிவரைக்கும் பேரே வைக்கலை?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. பிறகு மேரியின் வாழ்க்கையைப் படித்தேன். 1815 பிப்ரவரியில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தை, சில நாட்களில் இறந்துவிட்டது. பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. குழந்தை சில்லிட்டுத்தான் கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக அடுத்த மாதம் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஓராண்டு கழித்து எழுதத் தொடங்கிய கதைதான் இது.

இதை அந்த மாணவியிடம் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, வேறு என்ன புத்தகம் இருக்கிறது என்று கேட்டாள். 'காஞ்சனை'யைக் கொடுத்தேன், கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டுப் படிக்கும்படியும் சொல்லி அனுப்பினேன்.