மாச்சு பிச்சு: எல்லோரும் எடுக்கும் அந்த ஒரே படம்

மாச்சு பிச்சு போய்வந்த யாருடைய ஆல்பத்தைப் பார்த்தாலும் அந்த ஒரு படம் இருக்கும். கீழே கூரையில்லாத கல்வீடுகள், பின்னால் ஹுவாய்னா பிச்சு சிகரம், ஃபிரேமுக்குள் ஆளே கிடையாது. அழகான படம்தான், மறுக்கவில்லை. அது சொல்லும் 'யாருமில்லாத, தொலைந்துபோன நகரம்' என்ற கதையோடுதான் எனக்குத் தகராறு.

1911 ஜூலையில் ஹைரம் பிங்கம் மேலே ஏறிப்போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் குடியிருந்தன. இன்காக்கள் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய படிவயல்களிலேயே பயிர் வைத்திருந்தார்கள். இடிபாடுகளைச் சுற்றிக் காட்டியதும் அங்கிருந்த ஒரு சிறுவன்தான். அப்புறம் என்ன 'தொலைந்த' நகரம்?

அத்தனை காலம் கழித்தும் அந்த வயல்கள் எப்படிச் சரியாமல் நின்றன? மேலே மண், அதற்கடியில் மணலும் சரளையும், அதற்கும் அடியில் பெருங்கல் என்று அடுக்கியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். மொத்தக் கட்டுமான வேலையில் சுமார் 60 சதவீதம் நிலத்துக்கடியில்தான் என்பது நீரியல் பொறியாளர் கென்னத் ரைட்டின் கணிப்பு.

கேமராவோடு ஏறுகிறவர்கள் அந்தப் படத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே, கல்சுவரில் விட்டிருக்கும் வடிகால் துளையையும் ஒரு கிளிக் எடுங்களேன். ஊர் இன்னும் நிற்பது அதனால்தான்.