மறைத்தால் போதுமா, அறிய வேண்டாமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர்தம் தங்கையும் தம் இல்லத்திலேயே வெட்டப்பட்டனர். வெட்டியோர் சக மாணவர்கள். பள்ளியில் நேர்ந்த துன்புறுத்தலை அம்மாணவர் முறையிட்டதே பகைக்கு வித்தாயிற்று. இதையொட்டித் தமிழக அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒரு நபர் குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை அளித்தது.

பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் தடுத்தல், அகர வரிசையில் மாணவரை அமர்த்துதல், வட்டாரத்தின் பெரும்பான்மைச் சாதியினரை அங்கே தலைமையாசிரியராக்காதிருத்தல் ஆகியன இதன் பரிந்துரைகளுட் சில. நோக்கம் போற்றத்தக்கது. எனினும் இவற்றுட் பெரும்பாலானவை வேற்றுமையைக் கண்ணுக்கு மறைப்பவை. ஆசிரியரின் பார்வையை மாற்றவல்ல ஆண்டுப் பயிற்சியும் பி.எட். பாடத்திட்டத் திருத்தமுமே அறிக்கையின் உயிர்நாடி என்பது நம் கருத்து. பேசப்பட்டதோ கயிறும் பொட்டுமே.

நெசவுத் தொழில் நிறைந்த வெண்ணந்தூர் வட்டாரத்தில் ஆசிரியர் சிலரிடம் இதுபற்றி உரையாடினோம். "எமக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றே" என்றனர். நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால், இரவெல்லாம் தார் சுற்றிவிட்டு வகுப்பில் உறங்கும் சிறுவனும், தனிப்பயிற்சிக்குச் சென்று வரும் சிறுவனும் ஒன்றெனக் கொண்டால், முன்னவன் மந்தபுத்தி உள்ளவன் என்றே முடிவாகும். சமமாக நடத்துவதற்கு முன் அறிந்திருத்தல் வேண்டும்.

'அபஸ' அத்தியாயத்தை நம் அரபுக் கல்லூரிகளில் ஓதுகிறோம். குறைஷித் தலைவர்களோடு உரையாடுகையில், நாடி வந்த பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைக் கவனியாதிருந்தமை குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கே இறைவன் உணர்த்தினான். அண்ணலார் அதன்பின் அத்தோழரைப் பெரிதும் கண்ணியப்படுத்தினார்கள். மாந்தர்க்கெல்லாம் ஆசானாக வந்தவர்க்கே இந்நினைவூட்டல் எனில், "எம்மிடம் பாகுபாடில்லை" என்று நாம் எங்ஙனம் அமைதி கொள்வது?

இக்கேள்வி நம் மதரஸாக்களுக்கும் உரியது. முதல் நாளிலேயே "எந்தக் குடும்பம்?" என வினவுகிறோம். பாட்டனார் இஸ்லாத்தைத் தழுவி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் பேரனைப் புது முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என்கிறோம். அரசுப் பள்ளிக்குச் சொல்லப்பட்ட ஆண்டுப் பயிற்சியை யாரும் பணிக்காமலே நம் உஸ்தாதுமார்களுக்கு இக்கல்வியாண்டிலேயே தொடங்கினால் என்ன?